நம்பர் பிளேட்டில் ஒரு ஈரத் துவர்த்து

இடிபட்ட வண்டியை அக்காவின் டிங்கரிங் ஷெட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினால், அவள் முதலில் செய்கிற காரியம் நம்பர் பிளேட்டை மூடுவது. கொடியில் கிடக்கும் பழைய துவர்த்துத் துண்டு ஒன்றை எடுத்து, வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, முன்பக்கத்து நம்பரின் மேல் போர்த்துவாள். பின்பக்கத்துக்கு இன்னொன்று. தெரியாதவர்கள் ஏதோ பூஜை நடக்கப்போகிறது என்று செருப்பைக் கழற்றிவிடுவார்கள். அக்காவோ, ஊருக்கே அவள் அக்காதான், ஞாயிறு தவறாமல் மிஷன் சபைக்குப் போகிறவள்.

பாறசாலையில் இருந்து தமிழ்நாடு கூப்பிடு தூரம். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் கேரள நம்பர் வண்டி நிற்கும். மீதி வீடுகளில் மைத்துனனிடமோ மாமனாரிடமோ வாங்கின தமிழ்நாட்டு நம்பர் வண்டி நிற்கும். ரோட்டில் இரண்டும் உரசிக்கொண்டால் உடனே ஒரு கூட்டம் கூடிவிடும். கூடினவர்கள் முதலில் பார்ப்பது நம்பரைத்தான். எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் என்றால் கேரள வண்டிக்காரன் குற்றவாளி, இந்தப் பக்கம் என்றால் தமிழ்நாட்டு வண்டிக்காரன். யார் பிரேக் போட்டான், யார் போடவில்லை என்பதெல்லாம் அப்புறம். இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டில் தமிழும் கடையில் மலையாளமும் பேசுகிற அதே ஆட்கள்தான் இரண்டு கூட்டத்திலும் நிற்பார்கள்.

"நம்பரப் பாத்துட்டா பெறவு கண்ணு வண்டியப் பாக்காது மக்கா. நம்பரத்தான் பாத்துட்டு நிக்கும்," என்பாள் அக்கா.

நம்பரை மூடின பிறகு வண்டிக்காரனின் வாய். இடித்தவனுக்கு எப்படி இடித்தது என்று சொல்லாமல் இருக்க முடியாது. நாய் குறுக்கே வந்தது, எதிரே வந்தவன் லைட்டை டிம் செய்யவில்லை என்று தொடங்குவான். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிடுவாள். "கதை பெறவு மதி." அதாவது கதையெல்லாம் பிறகு போதும். கதையைக் கேட்டுவிட்டுப் பார்த்தால் கதையில் வந்த அடி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், வராத அடி தெரியாது என்பது அவள் கட்சி. பெரிய ஆள், சின்ன ஆள் என்ற வித்தியாசம் கிடையாது. வக்கீல் ஒருவர் கோபித்துக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அக்கா அவருக்கு ரிவர்ஸ் எடுக்க வழி காட்டினாள்.

அந்த ஷெட்டின் பலகையில் அவள் கணவர் பெயர்தான் இருந்தது. அவர் சார்ஜாவில் ஒரு கம்பெனியில் பெயின்டர். ஊரில் டிங்கரிங் ஒர்க்‌ஷாப்பை அக்காதான் நடத்தினாள். வேலைக்கு இரண்டு பேர் உண்டு. தட்டுவது, நிமிர்த்துவது, பெயின்ட் அடிப்பது அவர்கள் பொறுப்பு. பார்ப்பது மட்டும் அவள். நைட்டிக்கு மேலே கணவரின் முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் சாக்பீஸ், துணி சுற்றின ஒரு காந்தம். வண்டியைக் கழுவி உலரவிட்டு, வெயில் சாய்வாக விழுகிற பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து தகரத்தோடு கண்ணை ஒட்டிப் பார்ப்பாள். கதவு இடுக்குகளில் தீப்பெட்டி அட்டையை நுழைத்துப் பார்ப்பாள். காந்தம் பிடிக்காத இடத்தில் உள்ளே புட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தம். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் தடவுவாள். புது அடிக்கு ஒரு வட்டம், பழைய அடிக்கு ஒரு பெருக்கல் குறி. அவள் முடிக்கும்போது வண்டி அம்மை போட்ட பிள்ளை மாதிரி நிற்கும். வண்டிக்காரன் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து தன் கண்ணால் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். அதுவரை யாரும் சுத்தியலைத் தொடக்கூடாது.

இந்தப் பழக்கம் ஷெட்டோடு நின்றிருந்தால் நல்லது. நிற்கவில்லை. ஒருமுறை கணவர் ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு புது கார் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்பினார். கம்பெனி கார், ஓட்டக் கொடுத்திருக்கிறார்கள் என்று பெருமை. அக்கா போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு சார்ஜாவுக்குக் கூப்பிட்டாள்.

"வலத்தே கதவு மாத்தினதாக்கும். நிறம் சேரல்ல. நீங்க எங்க கொண்டு இடிச்சிய? கையக் காட்டுங்க. வீடியோவுல வாங்க, கையக் காட்டுங்க."

மனிதர் மூன்று வாரமாகக் கையில் கட்டோடு இருந்ததை மறைத்து வைத்திருந்தார். அதற்குப் பிறகு அவர் கடற்கரையில் நின்று மட்டும்தான் போட்டோ எடுத்தார்.

நாங்கள் ஐயர் என்று கூப்பிடுகிற எங்கள் போதகரின் காரும் ஒருநாள் வந்தது. பின்பக்கம் நசுங்கியிருந்தது. யாரோ வந்து இடித்துவிட்டுப் போய்விட்டான் என்று அவர் சபையார் அனைவரிடமும் சொல்லியிருந்தார். அக்கா பார்த்துவிட்டு, "ஐயரே, இது சபை கேட்டுக்க பெயின்ட் ஆக்கும். கேட்டு ஓடி வந்து இடிக்காது," என்று சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அவள் மெதுவாகப் பேசுவது ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும். அடுத்த ஞாயிறு பிரசங்கம் நாவடக்கத்தைப் பற்றி. அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆமென் சொன்னாள்.

தப்பே செய்யாதவள் என்று நினைக்க வேண்டாம். மருத்துவமனை நர்ஸ் ஒருத்தியின் புதுக் காரைப் பார்த்து, இது ஒரு பக்கம் ஏற்கனவே அடிபட்டுப் பூசின வண்டி, உன்னை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் அழுதுகொண்டு போனாள். மூன்றாம் நாள் அதே மாதிரி இன்னொரு கார் வந்தபோது, அந்த இடத்தில் கம்பெனியே பிளாஸ்டிக் வைத்திருக்கிறது, காந்தம் எப்படிப் பிடிக்கும் என்று தெரிந்தது. அக்கா அன்றைக்கே பஸ் ஏறி அமரவிளைக்குப் போய், நர்ஸ் வீட்டு ஆட்கள் எல்லாரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டு, "நான் பாத்தது தெற்று. வண்டி நல்ல வண்டி," என்று சொல்லிவிட்டு, அவர்கள் கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் திரும்பி வந்தாள். தப்பை ஒத்துக்கொள்வதிலும் அவளுக்கு ஒரு சண்டைக்காரத் தோரணைதான்.

இனி என் விஷயம். நான் பாலராமபுரத்துத் தறிகளில் இருந்து சேலையும் வேட்டியும் எடுத்து மார்த்தாண்டம், நாகர்கோவில் கடைகளுக்குக் கொடுக்கிறவன். அப்போது என்னிடம் இருந்தது மைத்துனனிடம் வாங்கின பழைய வேன். தமிழ்நாட்டு நம்பர். பிழைப்பு முழுக்க அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு காலை, பூவாரில் ஒரு ரிசார்ட்டுக்கு வேட்டிகள் கொடுத்துவிட்டு நல்ல மழையில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் திரும்பினால் ரோட்டுக்குக் குறுக்கே பைக் கிடக்கிறது, பக்கத்தில் ஒரு மனிதர் கிடக்கிறார். நான் இடதுபக்கம் ஒடித்தேன். வேன் ஒரு மதிலில் போய் மோதி நின்றது. இறங்கி ஓடி அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மூச்சு இருந்தது. அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்பக்கம் நசுங்கின வேன், விழுந்து கிடக்கிற பைக், வேனில் தமிழ்நாட்டு நம்பர். "பாண்டி வண்டி இடிச்சு!" என்று ஒருவன் கத்தினான். அவ்வளவுதான், வழக்கு முடிந்துவிட்டது.

நான் இடிக்கவில்லை என்று தமிழில் சொன்னேன், மலையாளத்தில் சொன்னேன். அடிபட்டவர் நெய்யாற்றின்கரையில் பேக்கரி வைத்திருக்கிறவர். அவருக்கு நினைவு வந்தபோது மழை பெய்தது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அவர் தம்பி என் சட்டைக் காலரைப் பிடித்த பிடியில் இரண்டு பொத்தான் தெறித்தது. போலீஸ் வந்து என் லைசென்ஸை வாங்கிக்கொண்டது. ஸ்டேஷன் முற்றத்தில் ஏற்கனவே பழைய வண்டிகள் குவிந்து கிடந்ததால், ஆய்வு முடிகிற வரைக்கும் வேனையும் பைக்கையும் பக்கத்தில் இருந்த அக்காவின் ஷெட்டில் போடச் சொன்னார் எஸ்.ஐ.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அக்கா நம் ஆள், நம் சபை. எனக்காக நாலு வார்த்தை பேசுவாள் என்று நம்பிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"கதை பெறவு மதி," என்றாள்.

இரண்டு வண்டிக்கும் துவர்த்து போட்டாள். மழை விட்டு வெளிச்சம் வந்த பிறகு வேன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். நசுங்கின தகரத்தின் மடிப்பில் இருந்து பாசியும் சுண்ணாம்பும் சுரண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு பைக்கிடம் போனாள். பைக்கின் பின்பக்கத்துக் கேரியர் உள்ளே மடங்கியிருந்தது. அது இருந்த உயரத்தை வேனின் பம்பரோடு கையால் வைத்துப் பார்த்தாள். பம்பர் ஒரு சாண் கீழே இருந்தது. கேரியர் கம்பியில் ஒரு தீற்றல் நீலப் பெயின்ட். என் வேன் வெள்ளை.

"நீ இதத் தொட்டதில்ல," என்றாள். "இது பொறத்தால இருந்து கிட்டின அடி. உசரமான வண்டி."

நான் அழுதேவிட்டேன். ஆனால் அக்காவின் முகம் சரியில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. ஷெட்டின் உள்பக்க மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு பிக்கப் வண்டி நின்றது. முன்னால் இரும்புக் குழாயில் காப்பு வைத்து, அதற்கு நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். காப்பின் இடது முனையில் புதிதாக ஒரு சாக்பீஸ் வட்டம் இருந்தது.

அந்த வண்டி யாருடையது என்று எனக்கும் தெரியும். பூவாரில் சுற்றுலாப் படகுகள் விடுகிற முதலாளியுடையது. அக்காவின் ஷெட் நிற்கிற இடமும் அவருடையதுதான். அன்று காலை அவர் மகன் வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போயிருக்கிறான். பிறகு முதலாளி போனில் கூப்பிட்டு, கேட் தூணில் தட்டிவிட்டது, சீக்கிரம் சரிசெய்து பெயின்ட் அடித்துவிடு என்று சொல்லியிருக்கிறார். அக்கா வழக்கம்போலப் பார்த்திருக்கிறாள். தூணில் தட்டின வண்டியில் சுண்ணாம்பு இல்லை. காப்பின் இடுக்கில் உடைந்த சிவப்புக் கண்ணாடித் துண்டு, பைக்கின் பின்விளக்கில் இருக்குமே அது, சிக்கியிருந்தது. வேலைக்காரர்களிடம் யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவைத்திருக்கிறாள்.

"அவன் எனக்க கையால சோறு தின்னு வளந்தவனாக்கும்," என்றாள் அக்கா, அந்த மகனைப் பற்றி. அவனுக்கு இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இருக்கும். அம்மா இல்லாத வீடு. பள்ளிக்கூடம் விட்டதும் இந்த ஷெட்டில் வந்து உட்கார்ந்துதான் சாப்பிடுவான். கனடாவுக்குப் போக விசா வந்துவிட்டிருந்தது.

எனக்குப் பயம் வந்துவிட்டது. இவள் பேசாமல் இருந்துவிட்டால் என் கதி என்ன? "அக்கா, எஸ்.ஐ.யிடம் சொல்லுவியளா?" என்று கேட்டேன்.

"சொல்லுவேன். உன்னப் பத்தியும் சொல்லுவேன். மதிலுக்க கல்லு உள்ள வரைக்கும் கேறியிருக்கு. மழையில நீயும் நல்ல வேகத்துலதான் வந்திருக்க. அதையும் சொல்லுவேன்."

இத்தனைக்கும் நடுவில் இதைச் சொல்ல வேண்டுமா? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அக்கா போனை எடுத்து ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாள். அப்புறம், நான் தடுக்கத் தடுக்க, முதலாளிக்கும் கூப்பிட்டாள். "வண்டியப் பத்தி போலீஸ்ல பறஞ்சாச்சு. உங்ககிட்ட மறைக்கக்கூடாதுல்லா, அதான் விளிச்சேன்," என்றாள்.

எஸ்.ஐ. வருவதற்குள் முதலாளி வந்துவிட்டார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகப் பிக்கப்பிடம் போனார். வட்டத்தைப் பார்த்தார்.

"இத அழி."

"முடியாது முதலாளி."

"கேட்டுத் தூணுன்னு பறஞ்சேனா இல்லியா? உனக்கு எனக்க வாக்கு போதாதா?"

"வாக்கு பெரிய காரியம்தான். ஆனா வண்டியில சுண்ணாம்பு இல்ல."

"உனக்கு என்ன வேணும், சொல்லு. அவனுக்கு விசா வந்து கெடக்கு. ஒரு கேசு விழுந்தா அவனுக்க ஜீவிதம் போச்சு. நீ வளத்த பையன்தானே அவன்?"

அக்கா சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முதலாளி அதைப் பார்த்து, இளகிவிட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். குரலை மாற்றிக்கொண்டார்.

"இந்த ஷெட்டு யாருக்குள்ளதுன்னு ஓர்மை உண்டுல்லா?"

"உண்டு. ஷெட்டு உங்களுக்கதாக்கும் முதலாளி. கண்ணு எனக்கதாக்கும்."

இதைச் சொன்னபோது அவள் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. அக்கா உண்மையிலேயே மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வாசலில் ஒரு கூட்டம் கூடியிருந்தது. பேக்கரிக்காரரின் தம்பியும் அதில் நின்றிருந்தான். முதலாளி துணியை எடுத்துத் தானே வட்டத்தை அழிக்கப் போனார். அக்கா குறுக்கே வந்து காப்பின்மேல் உட்கார்ந்துகொண்டாள். அறுபது வயது மனிதர் ஐம்பது வயதுப் பெண்ணைப் பிடித்து இழுக்கவா முடியும்? எஸ்.ஐ. வந்து ஜீப்பில் இருந்து இறங்கும்வரை அவள் அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"சேச்சி, எந்தா இது?" என்றார் எஸ்.ஐ. அக்கா எழுந்து, மூன்று வண்டியையும் சுற்றி அவரை ஒரு நடை நடத்தினாள். அவர் நல்ல மனிதர், பொறுமையாகப் பார்த்தார், படம் எடுத்துக்கொண்டார். ஆய்வுக்கு வந்த அதிகாரியும் மறுநாள் அதையேதான் எழுதினார். என் வேகத்தைப் பற்றியும் அக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள். மதிலைக் கட்டிக் கொடுக்கிற செலவு எனக்கு வந்தது.

லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. பேக்கரிக்காரரின் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "க்ஷமிக்கணும் சேட்டா," என்றான். முதலாளியின் மகன் தானாகவே ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் ஓட்டினேன், பயந்து போய்விட்டேன் என்று ஒப்புக்கொண்டான். கேஸ் பதிவானது. விசா நின்றுபோனது. ஊரில் ஒருவரும் அக்காவைப் பாராட்டவில்லை. உள்ளூர்ப் பையனைக் காட்டிக்கொடுத்தவள் என்று இந்தப் பக்கம் சொன்னார்கள். வேகமாக வந்தான் என்று சொல்லித் தமிழ்நாட்டு வண்டிக்காரனை மதில் செலவில் மாட்டிவிட்டவள் என்று அந்தப் பக்கம் சொன்னார்கள். அக்கா இரண்டு பக்கத்து ஆட்களின் வண்டியையும் துவர்த்து போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஷெட்டைக் காலி செய்யச் சொல்கிற வரைக்கும்.

காலி செய்கிற அன்று என் வேனைக் கொண்டுபோனேன். சொந்தக்காரர் ஒருவரின் ரப்பர் தோட்டத்து ஓரத்தில் தார்ப்பாய் கட்டி வேலையைத் தொடங்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். நாங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது முதலாளி தன் வீட்டு முற்றத்தில் இருந்து இறங்கி வந்தார். வீடு ஷெட்டுக்கு எதிரேதான். சில வாரங்களில் ஆள் இளைத்துப் போயிருந்தார்.

"நீ போவண்டாம்," என்றார். "இந்த இடம் உனக்கே இருக்கட்டு. அவன் ஸ்டேஷன்ல ஒத்துக்கிட்டது கோர்ட்டுல நிக்காதுன்னு வக்கீல் பறஞ்சாச்சு. கேசு வரும்போ நீ ஒரே ஒரு வார்த்தை. அந்த நீலப் பெயின்ட் முன்னமே இருந்திருக்கலாம், ஒறப்பா சொல்ல முடியாதுன்னு பறஞ்சா மதி. பொய் பறயண்டாம். சம்சயம்னு பறஞ்சா போதும்."

அக்கா கையில் இருந்த பெட்டியைத் தரையில் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. சரி என்று சொல்லிவிடு அக்கா, யாருக்கு என்ன நஷ்டம் என்று உள்ளுக்குள் நினைத்தேன். என் வழக்கு முடிந்துவிட்டது பாருங்கள், அதனால் என்னால் தாராளமாக நினைக்க முடிந்தது.

"முதலாளி, எனக்கு இந்த இடம் வேணும். வேண்டாம்னு நான் பெருமைக்குப் பறயல்ல. நல்ல வெளிச்சம் உள்ள இடமாக்கும் இது. ஆனா கண்டத காணல்லன்னு ஒரு தவண பறஞ்சிட்டா, பெறவு இந்த வெளிச்சத்துல உக்காந்து நான் எதப் பாக்க?"

முதலாளி திரும்பிப் போய்த் தன் முற்றத்தில் நின்றுகொண்டார்.

மிச்சம் இருந்தது வெல்டிங் செட் ஒன்றுதான். பழைய கனமான செட், இரண்டு ஆள் வேண்டும். வேலைக்காரர்கள் இருவரும் தார்ப்பாய் கட்டப் போயிருந்தார்கள். எனக்கோ முதுகுவலி. நான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு குனியப் போகும்போது ரோட்டைக் கடந்து ஒருவன் வந்தான். முதலாளியின் மகன். தாடி வளர்ந்து ஆளே மாறியிருந்தான். ஷெட்டின் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தின்னியா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"செட்டுக்க அந்தத் தலையப் பிடி. ஏத்திட்டு தின்னலாம்."

எதிர் முற்றத்தில் இருந்து முதலாளி கத்தினார். "எலே, இங்கோட்டு கேறி வா! வாடா!"

அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்து, செட்டின் ஒரு முனையைப் பிடித்தான். மறுமுனையை அக்கா பிடித்தாள். அப்பா மறுபடியும் கத்தினார். இரண்டு பேரும் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்க, என் வேனில் ஏற்றினார்கள்.